சிவப்புக் கோட்டுக்கு எடுத்த அளவு

என் அக்கா சோல்வெய்க் இறந்து ஒன்பதாவது வாரம், அவள் கணவர் வெர்னர் எங்கள் துலூத் நகரத்து முப்பரிமாணப் படக் கழகத்தின் போட்டிக்கு, தான் அவளை எடுத்த ஸ்லைடு படத்தைக் கொடுத்தார். அவர் அழவேயில்லை. அடக்கத்தன்று வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றினார், கோட்டுகளை வாங்கி மாட்டினார்.

அக்டோபரில் அதை எடுத்தபோது நானும் ஏரிக்கரையில் இருந்தேன். மேப்பிள் மரங்களுக்கு முன்னால் அக்கா, சிவப்புக் கோட்டும் அகலத் தொப்பியுமாக.

"இன்னும் எவ்ளோ நேரம்? மூக்கு விறைச்சுப்போச்சு. நீங்க அந்த மரத்தையே கட்டிக்கிட்டிருக்கலாம்."

"அசையாத. வெயில் வரட்டும். கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைச்சு எடுத்தாத்தான் சிவப்பு கெட்டியா விழும்."

நவம்பரில் அவள் இதயம் நின்றது. அதன் பிறகே ஃபிலிம் கழுவி வந்தது. இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என்று சட்டத்தில் பொருத்தும்போது, ஓரங்கள் நேராக இருக்கின்றனவா என்று மட்டும்தான் வெர்னர் பார்த்தார்.

போட்டியன்று எல்லோரும் முப்பரிமாணக் கண்ணாடி போட்டுக்கொண்டோம். அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் திரை எப்போதும் மங்கல்தான். இருட்டில் ஒரு சிவப்பு மட்டும் மிதந்தது.

"ரொம்பக் கறுப்பு, வெர்னர்," என்றார் நடுவர்.

"ஆமா. இது கையில வச்சுப் பாக்கறதுக்கு எடுத்தது."

மறுநாள் காலை அவர் சமையலறையில், ஸ்லைடை உள்ளே செருகிப் பார்க்கும் பார்வைப்பெட்டியை வாங்கிக் கண்ணில் வைத்தேன். விளக்கு எரிந்தது. கோட்டுத் துணியைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. ஒவ்வொரு இலையும் தனித்தனியாக நின்றது. தொப்பி விளிம்புக்குக் கீழே மட்டும் ஒன்றுமில்லை. கறுப்புக் குழி.

"முகம் எங்க, வெர்னர்?"

வாங்கி நெடுநேரம் பார்த்தார். "கோட்டுக்குத்தான் வெளிச்ச அளவு எடுத்தேன். முகம் நிழல்ல இருந்துச்சு. இந்த ஃபிலிம் ரெண்டையும் தாங்காது." பிறகு கேட்டார்: "அன்னைக்கு அவ மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"உங்களப் பாத்து நாக்கைத் துருத்திக்கிட்டு நின்னா."

தலையசைத்தார். இப்போதாவது அழுவார் என்று காத்திருந்தேன். பட்டாணி சூப்பைச் சூடாக்கி இருவருக்கும் ஊற்றினார்.

சாப்பிட்டபின் பழைய பெட்டிகளையெல்லாம் எடுத்துப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் அக்கா மலைக்கும் படகுக்கும் முன்னால் ஒரு நிறமாக மட்டுமே இருந்தாள். சரியில்லை என்று கழித்த படங்களின் பெட்டியில் ஒன்று அகப்பட்டது. வெளிச்சம் கூடிப்போய் வானமே வெள்ளைத் தாளாகிவிட்ட படம். அதில் அக்கா வாய் நிறையப் புகையில் வாட்டிய மீனோடு சிரித்தாள். பல் இடுக்கு வரை தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீயே வச்சுக்கோ, ரக்னா."

"உங்களுக்கு?"

"எனக்கு இப்ப ஒண்ணும் தோணல. பாக்கறேன், ஒண்ணும் வரல."

நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பார்வைப்பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வெர்னர் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.