வாசலில் பிளீச்சிங் தண்ணீர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு சாவு வீட்டுக் கதை சொல்கிறேன். நடுவில் தவளை வரும், சிரிக்கக் கூடாது.

"செருப்பக் கழட்டினா மட்டும் போதாது. கால நனைச்சிட்டு உள்ள போங்க" என்று கதவை மறித்து நின்றாள் அவள்.

உள்ளே அவள் புருஷன் பிணமாகக் கிடந்தார். வீட்டில் ஏசி உள்ள அறை அது ஒன்றுதான். மகள் வெளியூரிலிருந்து வந்து சேரும்வரை உடல் தாங்க வேண்டுமே. ஆனால் அது தவளைகளின் அறை. மலையுச்சியில், மேகம் தரையிறங்கும் காட்டில் மட்டும் வாழ்ந்த, கட்டைவிரல் அளவுத் தவளைகள். வெளியார் காலணியில் ஒட்டிவந்த பூஞ்சை நோய் அந்தக் கூட்டத்தையே துடைத்துவிட்டது. மிஞ்சிய ஐந்தை, வனக்காவலரான அவர் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். நோய் உள்ளே வராமலிருக்க அந்த அறை வாசலில் ஒரு தட்டு நிறைய பிளீச்சிங் தண்ணீர் வைத்தார். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு அவள் அவரைத் தேடி அந்த அறைக்குப் போன அன்றும், "மொதல்ல கால நனை" என்றார். அந்தத் தட்டை அவள் எட்டி உதைத்ததும் உண்டு.

"தவளைக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டுல யாருக்கு இருக்கு!" என்று முணுமுணுத்தபடி பக்கத்து வீட்டுக்காரி கால் நனைத்தாள்.

அடுத்து இறந்தவருடைய அண்ணன் வந்தார். சுற்றுலாக்காரர்களை அந்தக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிழைத்தவர்.

"எனக்குமாம்மா?"

"எல்லாருக்குந்தான் அத்தான்."

"என் ஆளுங்க கால்லதான் நோய் மலையேறிச்சுன்னு சாகிறவரைக்கும் சொன்னான். செத்தும் சொல்றானா?"

"சொன்னது அவரு. நான் சொல்லல. நனைச்சிட்டுப் போய்த் தம்பி மொகத்தப் பாருங்க."

தூக்கிய காலை அவர் மறுபடி கீழே வைத்தார். "கூடப் பொறந்தவனவிட அஞ்சு தவளை ஒசத்தி!"

"என்னவிடவுந்தான் அத்தான். எனக்கு மட்டும் இன்னிக்கா தெரியும்?"

அவர் திரும்பி நடந்தார். அவள் கூப்பிடவில்லை.

மகள் வந்து அழுதாள். உடலை எடுத்துப் போனார்கள். வீடு காலியானது.

தவளைப் பெட்டிக்குத் தண்ணீர் தெளிக்கும் நேரம். பார்ப்பதற்கு ஆளில்லை, ஆனாலும் தட்டில் கால் நனைத்தே உள்ளே போனாள். தெளித்தாள். பாசிக்குள்ளிருந்து ஏதோ ஒன்று 'டிக்' என்றது.

வெறுங்கட்டிலில் உட்கார்ந்தபோதுதான் சேலைக் கரையைக் கவனித்தாள். நாளெல்லாம் தட்டோரம் நின்றதில் சிவப்பு வெளுத்துத் திட்டுத்திட்டாகி இருந்தது. கொடியில் தொங்கிய அவருடைய காக்கி பேண்ட்டின் அடிமடிப்பும் அப்படித்தான் வெளுத்திருந்தது. ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறாள்.

உங்கள் வாசலுக்கு வருகிறவர் எவரும் முகம் பார்க்காமல் திரும்பாதிருக்கட்டும், கண்ணுகளா. நல்லா இருங்க.