இத்தா இருக்கும் வீடு

ஜெய்னம்பு கத்தியை எடுத்து மூன்றாவது அட்டைப்பெட்டியின் டேப்பையும் அறுத்தாள். உள்ளே ஹிஷாமின் பழைய பாடப்புத்தகங்கள், இடியாப்ப உரல், ஜகார்த்தாவில் வாங்கிய மூங்கில் விளக்கு. வெள்ளைத் துணி இல்லை. இருக்காது என்று அவளுக்கே தெரியும். அது போன வெள்ளிக்கிழமையே கண்டெய்னரில் ஏறிவிட்டது. இந்நேரம் ஏதோ ஒரு துறைமுகத்தில் பினாங்குக் கப்பலுக்குக் காத்துக் கிடக்கும். ஆனாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"உம்மா, போதும் விடுங்க," என்றான் ஹிஷாம். கோலாலம்பூரிலிருந்து நேற்று ஜெர்மனிக்கு வந்திறங்கிய மகன். "துருக்கிக்காரங்க பள்ளிவாசல்ல நல்ல துணிதான் கொடுத்திருக்காங்க. கஃபனிட்டும் முடிச்சாச்சு. நீங்கதானே கூட இருந்தீங்க."

"இருந்தேன்," என்றாள். நான்காவது பெட்டியை இழுத்தாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உம்ரா யாத்திரைக்குப் போனபோது அவளுடைய மாப்பிள்ளை, ஹிஷாமின் தகப்பனார் மக்தூம், இரண்டு பேருக்கும் இறந்தபின் போர்த்தும் வெள்ளைக் கஃபன் துணி வாங்கி, ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தார். அதன்பிறகு எந்த நாட்டுக்கு மாறினாலும் அந்தத் துணி கைப்பையில், பாஸ்போர்ட்டை ஒட்டித்தான் வரும். இந்த முறை விமானத்தில் எடை கூடுகிறது என்று மக்தூமே அதைக் கண்டெய்னரில் போட்டார். "அடுத்த வாரமேவா நமக்குத் தேவைப்படப் போகுது?" என்று சிரிப்பு வேறு. அவர் வாய் வைத்த நேரம், மூன்றாம் நாள் திங்கட்கிழமை மத்தியானம், கட்டி முடித்த பெட்டி மேலேயே உட்கார்ந்து, "ஜெய்னம்பு, தண்ணி கொடு," என்றார். தண்ணீர் வருவதற்குள் மனிதர் போய்விட்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் அரைமணி நேரம் போராடிப் பார்த்து எழுந்துகொண்டார்கள்.

இன்று காலையில் அவளே அவரைக் குளிப்பாட்டினாள். மாப்பிள்ளையை மனைவி குளிப்பாட்டலாம் என்பது அவள் ஓதிய பாடம். பள்ளிவாசல் பெரியவரிடம் கையாலும் கண்ணாலும் பேசி அனுமதி வாங்கினாள். அவருடைய வலக்கைப் பெருவிரலில் டேப்பின் பசை கறுப்பாய் ஒட்டிக்கிடந்தது. சோப்புக்கும் போகவில்லை, தேங்காய் எண்ணெய்க்கும் போகவில்லை. முப்பது வருஷத்தில் அந்தக் கையை அவள் அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை. பிடித்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பெரியவர் இருமினார். விட்டுவிட்டாள்.

ஹிஷாம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வீட்டில் உட்கார நாற்காலி இல்லை. இரண்டு மெத்தை, நாலு சூட்கேஸ், ஆறு பெட்டி, அவ்வளவுதான் மிச்சம்.

"இருபத்தெட்டாம் தேதி டிக்கெட் அப்படியே இருக்கட்டும் உம்மா. நான் ஆலிம்சாகிட்ட கேட்டுட்டேன். வீடு காலி பண்ணியாகணும், இங்க துணைக்கு ஆளும் இல்லைன்னா, இத்தாவை பினாங்குல போய் இருந்துக்கலாமாம். குத்தமில்லையாம்."

"ம்."

"இங்க தனியா நாலு மாசம் பத்து நாளா? எனக்கு அங்க வேலை ஓடுமா சொல்லுங்க."

மாப்பிள்ளை போனபின் நாலு மாசம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் மனைவி வீட்டுக்குள்ளேயே இருப்பதுதான் இத்தா. அவன் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. வால்டோர்ஃபில் இந்த வீட்டின் ஒப்பந்தம் இந்த மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. மக்தூம் கூட வேலை பார்த்த சென்னைப் பையன் ஸ்ரீஹரிதான் அடுத்துக் குடிவருகிறான். அங்கே பினாங்கிலோ, அவள் வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சொந்த வீடு. சமையலறைக்குத் தரைக்கல்லை வீடியோவில் பார்த்து அவளே தேர்ந்தெடுத்தாள். ஜகார்த்தாவில் நாலு வருஷம், பாங்காக்கில் மூன்று, சைகோனில் இரண்டு, கோலாலம்பூரில் எட்டு, கடைசியாக இந்த ஜெர்மனியில் மூன்று. போகிற இடமெல்லாம் மீன்காரியிடம் பேரம் பேசப் பழகி முடிக்கும்போது மூட்டை கட்டச் சொல்லிவிடுவார் மக்தூம். இங்கே ஐந்து வேளைத் தொழுகைக்கும் போன்தான் பாங்கு சொல்கிறது. காற்றில் வரும் பாங்குச் சத்தத்துக்கு அவள் ஏங்கிப்போனாள். பினாங்கு வீட்டின் வாசலில் நின்றால் இரண்டு பள்ளிவாசல் பாங்கு கேட்குமாம். போய்ப் பார்த்துவிட்டு வந்த மக்தூம் சொன்னார்.

கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டு புஸ்பவதி அக்கா இரண்டு மடக்கு நாற்காலிகளோடு நின்றாள். பின்னால் படிக்கட்டில் சோற்றுச் சட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இங்கே முதியோர் இல்லத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"மரக்கறிதான் பிள்ளை, நல்லெண்ணெயிலை காய்ச்சினது. யோசியாமல் சாப்பிடலாம்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்காரி எனக்குத்தான் ரெலிபோன் எடுத்தவ. திறப்புக் குடுக்கிற டேர்மினை மாத்திறதோ எண்டு கேக்கிறா. பின்னேரத்துக்குள்ளை சொல்லோணுமாம். என்ன சொல்ல?"

ஹிஷாம் முந்திக்கொண்டான். "சாவி குடுக்குற தேதியை மாத்த வேணாம் ஆன்ட்டி. உம்மா என்கூட வர்றாங்க."

ஜெய்னம்பு நான்காவது பெட்டியின் டேப்பை அறுத்தாள்.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு ஹிஷாம் கிளம்பிப் போனான். தொழவைத்து அடக்கிவிட்டு வர மூன்று மணி ஆகும். சொந்த ஊரான கீழக்கரையில் அவர்கள் பக்கத்துப் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போகும் வழக்கமில்லை. இத்தா தொடங்கிவிட்டதால் இனி அவள் படியிறங்குவதே அவசியத்துக்கு மட்டும்தான். இரண்டு பெண்களும் மடக்கு நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"ஓமெண்டு போங்கோ பிள்ளை," என்றாள் புஸ்பவதி அக்கா. "அங்கை வீடு இருக்கு, சனம் இருக்கு. இஞ்சை என்ன கிடக்கு? நான் கிழமைக்கு ஒருக்கால் கல்லறைக்குப் போய்த் தண்ணி ஊத்தி, பூக்கண்டு வைச்சு விடுவன். உங்கடை ஆக்களுக்குப் பூ வைக்கலாமோ?"

"வைக்கலாம் அக்கா."

"பிறகென்ன?"

பிறகென்ன என்பதுதான் ஜெய்னம்புவுக்கும் பிடிபடவில்லை. சோற்றைப் பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள். மணி இரண்டரை ஆனபோது, இந்நேரம் மண் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. மூன்று நாளாக எங்கே கிடந்ததோ, அப்படி வந்தது. புஸ்பவதி அக்கா எழுந்து சன்னலைச் சாத்தினாள். அழுவதற்கு வசதியாக.

மூன்று மணிக்கு ஹிஷாமோடு ஸ்ரீஹரியும் வந்தான். அடக்கத்துக்கு வந்து, எல்லோரும் செய்கிறார்களே என்று அவனும் மூன்று பிடி மண் போட்டிருக்கிறான். கால்சராயெல்லாம் சேறு. ஜெய்னம்பு படுக்கையறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டாள். அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"தம்பி, ஒண்ணாம் தேதி உங்களுக்கு வீடு வேணும்ல?"

"ஐயோ, இப்ப எதுக்கு ஆன்ட்டி அதெல்லாம்..."

"சொல்லுங்க."

"ஆமா ஆன்ட்டி. வைஃப் ஏப்ரல் பதினஞ்சு வர்றா. கல்யாணமாகி ஏழு மாசத்துல இருபது நாள்தான் கூட இருந்திருக்கோம். இப்ப இருக்குற ரூம்ல பேச்சிலர்ஸ் மூணு பேரு. பரவால்ல, ஒரு வாரம் முன்னபின்ன ஆனாலும்..."

"ஒரு வாரம் இல்ல தம்பி. நாலு மாசம் பத்து நாள். அவர் மவுத்தாப்போன வீட்லதான் நான் இத்தா இருக்கணும்."

"உம்மா!" ஹிஷாம் கதவருகே வந்துவிட்டான். "ஆலிம்சாவே போகலாம்னு சொல்லிட்டாங்கன்னு சொன்னேன்ல? மார்க்கமே விடுது, நீங்க ஏன் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"மார்க்கம் விடுது. எனக்கு மனசு விடலையே." அவள் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "ஒவ்வொரு ஊருக்கும் உங்க வாப்பாதான் முன்னாடி போவாரு. வீடு பார்ப்பாரு. நான் வர்ற வரைக்கும் மூணு மாசம் நாலு மாசம் ரொட்டியும் வாழைப்பழமும் தின்னுக்கிட்டுக் கிடப்பாரு. வாய்க்கு ருசியா ஒரு நாள் சமைச்சதில்ல, நீ வராம என்ன சாப்பாடுன்னு கேப்பாரு. அப்படிக் காத்துக் கிடந்த மனுசனை இன்னைக்கு மண்ணுல வச்சுட்டு, பத்தாம் நாளு நான் பிளைட் ஏறவா? அந்த வீடு எனக்கு ஆசைதான். இல்லைன்னு சொல்லல. ஆனா அவர் இல்லாம அந்தக் கதவைத் திறக்க இப்ப என்னால முடியாதுடா."

ஹிஷாம் நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்து நின்றான். அவனும் வாப்பாவை இழந்தவன்தானே. அதைப் பற்றி இதுவரைக்கும் யாரும் அவனிடம் கேட்கவில்லை.

ஸ்ரீஹரி சேற்றுக் காலை மாற்றி வைத்தான். "ஜூலை கடைசி வரைக்குமா ஆன்ட்டி?" என்று கேட்டான். விரல்விட்டு எண்ணுகிற குரல். "சரி. நான் வைஃப்கிட்ட பேசிக்கறேன். திட்டுவா. திட்டிட்டு சரின்னுடுவா." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. இறங்கிப் போகும்போது படிக்கட்டிலேயே போனை எடுத்துவிட்டான்.

"விசா அட்டை ஒக்ரோபர் வரைக்கும் இருக்குத்தானே?" என்றாள் புஸ்பவதி அக்கா. "ஜூலை வரைக்கும் இருக்க அது காணும். வீட்டுக்காரியோடை நான் கதைக்கிறன். இராவிலை நான் மேலை வந்து படுப்பன். தம்பி, நீர் யோசியாமல் வேலைக்குப் போம்." நாற்காலிகளை மடிக்காமல் அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

மாலை அஸர் தொழுது முடித்து ஜெய்னம்பு மகனைக் கூப்பிட்டாள்.

"வாப்பாவை அடக்கின இடத்துக்கு எனக்கு வழி தெரியாது. நீ இங்கேருந்து நடந்து போ. போன்ல ஒவ்வொரு திருப்பமாச் சொல்லு. நான் எழுதிக்கிறேன்."

"மேப் அனுப்புறேன் உம்மா."

"மேப் வேணாம். நீ சொல்லு."

அவன் போனான். அவள் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள். வாசலில் இறங்கி வலது. சர்ச்சைத் தாண்டிப் பேக்கரி, அங்கே இடது. சைக்கிள் பாதையில் பத்து நிமிஷம், இரண்டு பக்கமும் கறுப்புப் பிளாஸ்டிக் போர்த்திய வயல். பச்சை இரும்புக் கதவு. உள்ளே போய்த் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் கடைசி வரிசை.

"வந்துட்டேன் உம்மா," என்றான் ஹிஷாம். மூச்சு வாங்கியது அவனுக்கு.

"பலகை வச்சிருக்காங்களா?"

"வச்சிருக்காங்க. பேரு சரியா எழுதியிருக்காங்க."

"போனைக் கீழ வை. மண்ணுகிட்ட வச்சுட்டு நீ கொஞ்சம் தள்ளி நில்லுடா."

ஏதோ உரசும் சத்தம், அப்புறம் காற்றுச் சத்தம். ஈர மண்ணில் அவன் செருப்பு விலகிப் போவது கேட்டது. ஜெய்னம்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்," என்றாள். "நான்தான்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. விளக்குப் போட மேலே வந்த புஸ்பவதி அக்கா, இருட்டத் தொடங்கிய அறையில் அவள் காதோடு ஒட்டியிருந்த போனைப் பார்த்தாள். சுவிட்சுக்கு நீட்டிய கையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனாள்.