பெயிண்டர் வீட்டில் முளைத்த அறைகள்

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஒரு லாரி செங்கலை மொத்தமாகக் கொட்டியதைப் போன்ற சத்தத்துடன், பெயிண்டரின் ஒற்றை அறை வீட்டில் பின்சுவர் விலகி, பத்துக்குப் பன்னிரண்டில் புதிதாக ஓர் அறை வந்தது. தெருவே ஓடி வந்து பார்த்தது. பெயிண்டரின் மனைவி அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளை வளர்த்த அண்ணன் இறந்துபோன செய்தி சற்றுமுன்தான் போனில் வந்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்து ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அதே தீப்பெட்டி வீடுதான். நகராட்சி அதிகாரி வந்து இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். வெளியே தெரியாததைக் கட்டடம் என்று எழுத விதியில்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். துக்கம் கேட்க வந்தவர்கள் புது அறையில்தான் உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் அண்ணனைப் பற்றிக் கேட்டார்கள், மீதிப் பேர் அறையைப் பற்றி.

பெயிண்டர் அதுவரை பதினைந்து வருடம் ஊரார் மாளிகைகளுக்கெல்லாம் வண்ணம் அடித்துவிட்டு, அவர், மனைவி, மகள் மூவரில் ஒருவர் புரண்டு படுத்தால் மற்ற இருவரும் புரள வேண்டிய வீட்டுக்குத் திரும்பி வந்தவர். ஆளுக்கு ஓர் அறை இருந்துவிட்டால் சந்தோஷம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். வந்த அறை சொரசொரப்பான சிமெண்டுச் சுவராக இருந்தது. சொரசொரப்பு மறைய மாவு பூசிப் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, இளம் பச்சையில் இரண்டு கை அடித்தார். மனைவியின் வீங்கிய கண்ணைப் பார்த்து அவருக்கும் வருத்தம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அன்றைக்கு முதன்முறையாகக் கையைக் காலை நீட்டித் தூங்கினார்.

அடுத்த வருடம், மனைவியின் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்த இரண்டாவது குழந்தை தங்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்த மதியம் வந்தது, நல்ல வெளிச்சமான, நீளமான அறை. பெயிண்டர் அதை ஹாலாக்கி சோபா போட்டார். மனைவி அதற்குள் இன்றுவரை காலெடுத்து வைத்ததில்லை. வருகிறவர்களுக்கு டீயை வாசல்படியிலிருந்தே நீட்டுவாள். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து பெயிண்டர் நான்கு மாதம் கிடந்தபோது அவர் பங்குக்கு ஓர் அறை வந்தது. மகளுக்கு நர்சிங்கில் இடம் கிடைக்காதபோது ஒரு சிறிய அறை, குளியலறையோடு. எதிர் மாடி வீட்டு வக்கீல் குமாஸ்தா, மூக்கில் வேர்த்து, ஒரு வாரம் தன் வீட்டில் வெங்காயத்தை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிவி தொடர் பார்த்தும் அழுது பார்த்தார். ஓர் அலமாரிகூட வரவில்லை. உள்ளே நிஜமாக ஏதாவது உடைய வேண்டும் என்பது அதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது.

வந்தது போகவும் செய்யும் என்று, மகளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்த நாளில்தான் தெரிந்தது. அவளும் அம்மாவும் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது குளியலறை சத்தமில்லாமல் மறைந்தது. வாளியும் சோப்பு டப்பாவும் சமையலறை நடுவில் கிடந்தன. பெயிண்டர் அன்று வாழ்த்துச் சொன்னார், சிரிக்கவில்லை. ஆளுக்கோர் அறை கிடைத்தும் சந்தோஷத்தைக் காணோமே என்று அவர் ஒருமுறை சலித்துக்கொண்டபோது மனைவி வெங்காயம் அரிந்தபடியே சொன்னாள்: “வந்தா உக்கார இடம் இருக்காதேன்னு வாசலோட போயிருக்கும்.”

மகளுக்கு இருபத்துநாலு வயதானபோது, கடை இருந்த கட்டடத்தின் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே இருந்த அவளுக்கு நாற்பது நிமிடம் வெளியிலிருந்து ஜோக் சொல்லிக்கொண்டே அதைச் சரிசெய்தவன் லிஃப்ட் மெக்கானிக். அதன் பிறகு பெயிண்டர் வீட்டுச் சுவர்கள் தினமும் ஒரு விரற்கடை உள்ளே வந்தன. சுவரைப் பார்த்தே பிழைத்தவர் கண்ணுக்கு அது தப்புமா? கட்டிலும் சுவரும் ஒட்டிக்கொண்ட அன்றே விஷயம் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. மெக்கானிக் தன் அக்காவை அழைத்துக்கொண்டு பெண் கேட்க வந்தான். டீ ஆறுவதற்குள் இரண்டு அறைகள் போயின. கட்டில், பீரோ, மின்விசிறி எல்லாம் வந்து அவர்கள் காலடியில் குவிந்தன. அவன் பதறாமல் எழுந்து ஒவ்வொன்றாக அடுக்கிக்கொடுத்தான். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, ஹாலில் பாதி போயிற்று.

அவர்கள் போனபின் பெயிண்டர் மனைவியிடம், பையன் நல்லவன்தான், ஆனால் லிஃப்ட் வேலை உயிருக்கு ஆபத்து என்றார். சாரத்திலிருந்து விழுந்தவர் பேசுகிற பேச்சா இது என்று அவள் கேட்டாள். ஒரே அறையாகிப் போனாலும் பரவாயில்லை, கொடுத்துவிடலாம் என்றாள்.

“என் சந்தோஷத்துக்கா பாக்கறேன்? இந்த வீடே உங்க ரெண்டு பேர் சந்தோஷத்துக்குத்தானே” என்றார்.

“அப்ப அவள சிரிக்க விடுங்க.”

அவர் ஹாலில் மிச்சமிருந்த சோபாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கை நேரில் வரவழைத்து, முடியாது என்று சொன்னார். மகளைத் தொடர்ந்து சந்தித்தால் அவளைக் கடைக்குப் போகவே விடமாட்டேன் என்றும் சொன்னார். பையன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். மகள் அழவில்லை. “சரிப்பா” என்றாள். சாப்பிட்டாள், கடைக்குப் போனாள், வந்தாள். ஒன்பது நாள் வீட்டில் ஒரு சத்தமுமில்லை. பெயிண்டர் வேலை செய்கிற இடத்தில் பிரஷ் காற்றில் நிற்க எதற்கோ காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். எதற்கென்று அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பத்தாம் நாள் வயிற்றுவலி என்று சொல்லி வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். அன்று மகளும் கடைக்குப் போகவில்லை.

காலை பதினோரு மணிக்கு, ஒரு மலையே உருண்டதைப் போன்ற சத்தம் கேட்டது. அடுத்த தெருவில் பாத்திரங்கள் உருண்டன. வந்த அறை, அந்தக் கோடியில் இருப்பவரைக் கூப்பிட்டால் குரல் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும் அளவுக்குப் பெரிது. மனைவி அடுப்பைப் பார்த்து நின்றவள் திரும்பவே இல்லை. பெயிண்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மகள் கோடி மூலையில், புதுச் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலில் முகம் புதைத்து, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் போய்ச் சேரவே அவர் நெடுநேரம் நடக்க வேண்டியிருந்தது. நடந்த நேரத்தில் அவர் கண் இடது சுவருக்கும் வலது சுவருக்குமாகப் போய்வந்தது. பக்கத்தில் போய்க் குனிந்தார். அவள் தலையில் கையை வைத்தார். மகள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“சுவத்துல சாயாதம்மா,” என்றார் மிக மெதுவாக. “பட்டி பாக்கணும்.”