டிக்கெட்டின் பின்பக்கம்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஏறும்போதே சங்கவியின் செருப்பு அறுந்தது. தானாக அறுந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பின்னால் ஏறிய பெரியவர் ஒருவர் தன் புண்ணாக்கு மூட்டையைத் தூக்கிப் படியில் போட, அது அவள் குதிகாலில் விழுந்து வார் பிய்ந்துபோனது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வயில நின்னுகினு இருந்தா இப்டித்தான்," என்றார் அவர். மூட்டையை உள்ளே தள்ளுவதிலேயே குறியாக இருந்தார்.

நாலு பேர் பார்க்க வாயைத் திறக்க வேண்டுமென்றால் சங்கவிக்கு நாக்கு உள்ளுக்குள் சுருண்டுகொள்ளும். கடையில் சோப்பு வாங்கினாலும் விரலால் காட்டித்தான் வாங்குவாள். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, குனிந்து, அறுந்த வாரைக் குத்திக்கொண்டு காலைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே போனாள்.

அண்ணன் சுதாகரின் படகு இரண்டு நாளாகக் கரையில் கிடந்தது. இன்ஜின் பம்ப்பை செங்கல்பட்டில் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தான். அதை வாங்கி வரத்தான் அவளை அனுப்பியிருந்தான்; வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறாள். கடைக்காரருக்குக் கொடுத்தது போக மிச்சம் எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு என்று ரூபாய் பிசகாமல் கேட்பான். போன மாதம் இருபது ரூபாய் குறைந்ததற்கு, வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கும்படி கேட்டான். வெளுத்துப்போய்விட்டாள் அன்றைக்கு.

பெண்களுக்கு டிக்கெட் இல்லாத அரசு பஸ் அப்போதுதான் போயிருந்தது. இது தனியார் பஸ். திருக்கழுக்குன்றம் தாண்டினால் எந்த ஸ்டாப்புக்கும் முப்பது ரூபாய். நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்து நின்ற சங்கவிக்குப் பக்கத்திலேயே அந்தப் பெரியவரும் மூட்டைக்குக் காவலாக நின்றார். கண்டக்டர் லோகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் நோட்டை நீட்டினார்கள். அவர் இரண்டையும் ஒரே கையால் உருவி, நீளவாக்கில் மடித்து, விரலிடுக்கில் செருகினார்.

"சில்றை இல்ல. அப்பால தரேன்," என்று சொல்லி, பாக்கித் தொகையை ஒவ்வொரு டிக்கெட்டின் பின்பக்கமும் கிறுக்கி ஆளுக்கொன்றாகத் திணித்துவிட்டுப் போனார். எல்லாக் கண்டக்டரும் செய்வதுதான். சங்கவி அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் பர்சில் வைத்தாள். பெரியவரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திருக்கழுக்குன்றத்தில் மலைக்குப் போகிற கூட்டம் இறங்கியது. பெரியவர் முன்பக்கம் ஓர் இடத்தைப் பிடித்தார். சங்கவிக்குப் பின்னால் இடம் கிடைத்தது. பக்கத்தில் கருவாட்டுக் கூடையை மடியில் வைத்திருந்த பெண் தானாகவே பேச்சை ஆரம்பித்தாள். பெயர் பூங்கொடியாம். செங்கல்பட்டு மார்க்கெட்டில் கருவாடு விற்றுவிட்டு வருகிறாளாம்.

"கால இன்னாத்துக்கு இயுத்துகினு வர? செருப்பு பூட்ச்சா? மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டாண்ட கடை கீது. இருநூறு குட்த்தா நல்லதாவே வரும்."

சங்கவி சிரித்து மட்டும் வைத்தாள். அப்போது லோகு வந்தார். இருவரின் டிக்கெட்டையும் வாங்கி, பின்பக்கத்தைப் பார்த்து, பேனாவால் ஒரு கோடு இழுத்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஓர் ஐந்நூறு, இரண்டு இருநூறு, இரண்டு இருபது என்று சங்கவியின் கையில் வைத்தார்.

"ஆளுக்கு நானூத்தி எழுவது. பிரிச்சிக்கோங்க. என்னால முடியாது."

அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். சங்கவி கையைப் பார்த்தாள். டிக்கெட்டைப் புரட்டினாள். 470 என்றிருந்தது. அவள் கொடுத்தது நூறு ரூபாய் நோட்டு. எழுபதுதான் வர வேண்டும்.

"அக்கா," என்றாள், வாய்க்குள்ளேயே. "நான் நூறுதான் குடுத்தேன்."

பூங்கொடி அவள் முகத்தையும் கையையும் லோகுவின் முதுகையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அதற்குமேல் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்நூறையும் ஓர் இருநூறையும் எடுத்துக்கொண்டு, தன் சுருக்குப் பையிலிருந்து முப்பது ரூபாயைச் சங்கவியின் கையில் போட்டு, விரல்களை மூடிவிட்டாள்.

"கூட வந்ததுல ஆளுக்கு இருநூறு. கம்முனு குந்து. போன வாரம் இவன் எனக்கு இருபது ரூபா பாக்கி குடுக்காமயே எறக்கிவுட்டான். நான் போயி யாரக் கேட்டேன்?"

"அவருக்குக் கையவுட்டுப் போவுமே."

"போவட்டும். அத்தினி தபா நமக்குப் போச்சில்ல."

சங்கவி எழுந்து போயிருக்கலாம். ஆனால் எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள், 'இன்னாம்மா' என்று கண்டக்டர் கேட்பார், அதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும். இறங்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிறகு, வந்தது சரியாக ஒரு செருப்பின் விலை என்பதும் நினைவுக்கு வந்தது. அந்த நினைவு வந்தபின் இறங்கும்போது சொல்லலாம் என்பது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப்போனது. துணியில் சுற்றிய பம்ப்பை மடியில் இறுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

குழிப்பாந்தண்டலம் நெருங்கும்போது முன்பக்கத்தில் குரல் உயர்ந்தது.

"இன்னா நைனா, எழுவது ரூபா குடுக்கற? நான் குட்த்தது ஐநூறு." புண்ணாக்கு மூட்டைக்காரர்தான்.

லோகு டிக்கெட்டை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தார். "இன்னா எய்திருக்குது, படி. எழுவது. நூறு குட்த்தாத்தான் எழுவது வரும்."

"நீ எய்தினதுக்கு நான் இன்னா பண்றது? ஐநூறு குட்த்தேன்."

"பெர்சு, காலைல இருந்து இதே பேஜாரா கீது. ஆளாளுக்கு ஐநூறு குட்த்தேன்னா நான் வூட்ட வித்துட்டுத்தான் வண்டில ஏறணும்."

சங்கவி டிக்கெட்டை மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஒரே நேரத்தில் நீண்ட இரண்டு கைகள். ஒரே விரலிடுக்கில் இரண்டு நோட்டுகள். கண்டக்டர் பெரியவரின் பாக்கியை அவள் டிக்கெட்டிலும், அவள் பாக்கியைப் பெரியவரின் டிக்கெட்டிலும் எழுதியிருக்கிறார். கையில் இருப்பது கண்டக்டரின் பணமே இல்லை.

பூங்கொடிக்கும் புரிந்துவிட்டது. அவள் முழங்கை சங்கவியின் விலாவில் வந்து நின்றது. "அந்தாளுதானே உன் செருப்ப அறுத்தது? சரியாப் பூட்ச்சின்னு வெச்சிக்கோ."

அதைத்தான் சங்கவியும் நினைக்கப் பார்த்தாள். மூட்டையைப் போட்டார், மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, வழியில் நின்றாய் என்று திட்டினார். எல்லாம் உண்மை. ஆனால் அந்த உண்மை எவ்வளவு இழுத்தாலும் நானூறு ரூபாய் தூரத்துக்கு வரவில்லை.

ஸ்டாப் வந்தது. பெரியவர் இறங்கவில்லை. கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினார். பஸ் நின்றதும் உள்ளே புழுக்கம் ஏறியது. அதோடு ஆட்களின் கோபமும்.

"யோவ், எறங்குய்யா. வேலை வெட்டி இல்லியா எங்களுக்கு?"

"வயசாயிகினே போவுது, புத்தி வர்ல பாரு."

"நான் பொய் சொல்லல," என்றார் பெரியவர். முதலில் இருந்த முறைப்பு அந்தக் குரலில் இல்லை. "பொய் சொல்லலடா. எத்தினி வருசமா இந்த வண்டில வரேன். டிரைவரு, நீயாவது சொல்லு."

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ இரண்டு பேர் மூட்டையைப் பிடித்து இழுத்து ரோட்டோரம் போட்டார்கள். லோகு அவர் கையைக் கம்பியிலிருந்து பிரிக்க ஆரம்பித்தார், ஒவ்வொரு விரலாக.

"அண்ணா," என்றாள் சங்கவி.

யாருக்கும் கேட்கவில்லை. பூங்கொடி மட்டும் அவள் தாவணியின் முந்தியைப் பிடித்து இழுத்தாள். "குந்துடி. இப்பச் சொன்னா உன்னத்தான் திருடின்னுவாங்க."

அதுவும் உண்மைதான். சங்கவிக்கு அது நன்றாகத் தெரிந்தது. மறுபடி 'அண்ணா' என்றாள். கூச்சலில் அதுவும் அமுங்கிப்போனது. மடியில் கனமாக இருந்த பம்ப் கண்ணில் பட்டது. இரண்டு கையாலும் அதைத் தூக்கித் தகரத் தரையில் போட்டாள்.

அந்தச் சத்தத்தில் பஸ் முழுவதும் திரும்பியது. லோகுவின் கைகூட நின்றது. எல்லாக் கண்களும் இப்போது அவள் மேல். எழுந்து நின்றாள். டிக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

"நான் நூறுதான் குடுத்தேன். ஐநூறு அவரோடது. மாத்தி எழுதிட்டீங்க."

லோகு வந்து டிக்கெட்டை வாங்கினார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம். அவர் காது சிவந்தது. அந்தச் சிவப்பை எங்காவது இறக்கிவைக்க வேண்டுமே. அவள்தான் எதிரில் நின்றாள்.

"குட்க்கும்போது வாங்கிகினு, இத்தினி நேரம் வாய்ல இன்னா வெச்சிகினு இருந்த?"

"பூனையாட்டம் கீது, பாரேன்," என்றது ஒரு பின்சீட்டுக் குரல். யாரோ சிரித்தார்கள்.

"எடு, நானூறு."

கையில் இருந்தது இருநூற்று எழுபது. மீதி பக்கத்துச் சீட்டில் இருந்தது. சங்கவி பார்த்தாள். பூங்கொடி ஜன்னலுக்கு வெளியே தன் ஊரே தெரிகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். 'இந்த அக்காகிட்ட கேளுங்க' என்று சொன்னால், இன்னொரு சண்டை, இன்னும் அரை மணி, அதுவரை பெரியவர் படியில் நிற்க வேண்டும். பர்சைத் திறந்து அண்ணனின் பணத்திலிருந்து நூற்று முப்பது எடுத்துச் சேர்த்துக் கொடுத்தாள்.

பெரியவர் பணத்தை வாங்கி எண்ணினார். பிறகு லோகுவைப் பார்த்து, "இப்ப சொல்லு, யாரு பொய் சொன்னது?" என்றார். லோகு இறங்கிப் போய், ரோட்டில் கிடந்த மூட்டையைத் தூக்கி அவர் தலையில் ஏற்றிவிட்டார். நகரும் முன் பெரியவர் ஜன்னல் வழியாகச் சங்கவியிடம் சொன்னார்: "வயசுப் பொண்ணு. இப்பியே இந்த வேலையா?"

லோகு விசில் அடித்தார். சங்கவி உட்கார்ந்து பம்ப்பைத் துணியில் சுற்றினாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, ஆனால் விழவில்லை. பூங்கொடி மாமல்லபுரம் வரை அவள் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ் நின்றதும் பூங்கொடிதான் முதலில் இறங்கினாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவை நோக்கி விரைந்தாள். சங்கவி பின்னாலேயே ஓடினாள். நாலு எட்டில் ஊக்கு விட்டுப்போனது. இரண்டு செருப்பையும் உதறிவிட்டு ஓடினாள். ஆட்டோ கிளம்பும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இருநூறு குடுங்க."

"எந்த இருநூறு?" பூங்கொடி பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள். "நீயா அள்ளிக் குட்த்துட்டு என்கிட்ட வந்து நிக்கிற. நான் சொன்னனா குட்க்கச் சொல்லி?"

"தாத்தாது பூரா குடுத்தாச்சு. இப்ப உங்ககிட்ட இருக்கறது என்னோடது."

"குட்க்கலன்னா இன்னா பண்ணுவ? கத்துவியா?"

"கத்துவேன்," என்றாள் சங்கவி.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். உள்ளே இருந்தவர்களும் பார்த்தார்கள். சங்கவிக்கு வியர்த்தது. கையை மட்டும் கம்பியிலிருந்து எடுக்கவில்லை. பூங்கொடி அவளைக் கொஞ்ச நேரம் அளந்தாள். பிறகு சுருக்குப் பையிலிருந்து நோட்டை உருவி அவள் கையில் வைத்தாள். கருவாட்டு வாசனை அடித்தது.

"ஊமையின்னு நெனச்சேன்டி உன்ன," என்றாள். கோபம் பாதி, இன்னொன்று பாதி. ஆட்டோ போய்விட்டது.

செருப்புக் கடை எதிரிலேயே இருந்தது. கொத்துக் கொத்தாகத் தொங்கின. சங்கவி நோட்டை அண்ணனின் பணத்தோடு சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு குப்பத்துக்கு நடந்தாள். மணல் இன்னும் சுட்டது.

சுதாகர் படகின் நிழலில் உட்கார்ந்து மிச்சப் பணத்தை எண்ணினான். சரியாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு பம்ப்பைப் பிரித்துப் பார்த்தான். ஓரத்தில் ஒரு நெளிசல்.

"இது இன்னாது? கடைக்காரன் கீய போட்டுட்டானா?"

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"இல்ல," என்றாள் சங்கவி. "நாந்தான் போட்டேன்."