எங்கள் வீட்டு ஒருவழிக் கண்ணாடி

பதுளைக் கடைத்தெருவில் இந்த விஷயத்தைப் பல விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். பெண் பார்க்க வந்தவர்களை நான் கையால் விரட்டினேன் என்கிறார் ஒருவர். அவர்களுடைய வேனை வேண்டுமென்றே தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் இறக்கினேன் என்கிறார் இன்னொருவர். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. எங்களைப் பற்றிய செய்தி சரியாக வெளிவர வேண்டும். ஆகவே நானே எழுதுகிறேன்.

ஜன்னலைப் பற்றி எனக்கு ஒரு கொள்கை உண்டு. கடைக்கு ஜன்னல் வைப்பது உள்ளே இருப்பதை வெளியே காட்ட. வீட்டுக்கு ஜன்னல் வைப்பது வெளியே நடப்பதை உள்ளேயிருந்து பார்க்க. ரயில் ஜன்னல் கைக்குட்டை போட்டு இடம்பிடிக்க. அரசாங்கக் கச்சேரி ஜன்னல் காத்து நிற்க. ஒன்றின் வேலையை மற்றது செய்யத் தொடங்கினால் மரியாதை போய்விடும்.

எங்கள் ஹால் ஜன்னல் வீட்டு ஜன்னலாகவே இருக்கவில்லை. அது சந்துப் பக்கம் பார்த்த பழைய பலாமர ஜன்னல். எதிர்வீட்டு லரீபா நோன்புக் கஞ்சியையும் பெருநாள் வட்டிலப்பத்தையும் அதன் வழியாகத்தான் நீட்டுவாள். வாசல் மறுபக்கம், படியேறிச் சுற்றி வரவேண்டும். ஜன்னல் கைக்கு எட்டும். தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாதென்று என் மனைவி பரிமளம் முறுக்கு வைத்து அனுப்புவாள். தட்டு போவதற்காகக் கம்பிகளில் ஒன்றை யாரோ வளைத்தும் இருந்தார்கள். எந்தத் தட்டு எந்த வீட்டினுடையது என்பது இப்போது இரண்டு வீட்டாருக்கும் தெரியாது.

எங்கள் ஒரே மகள் கௌசிகாவைப் பார்க்க ஹட்டனிலிருந்து ஒரு குடும்பம் வந்தபோதும் அப்படி ஒரு தட்டு வந்தது. நான் எங்கள் குடும்ப வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் மாப்பிள்ளையின் காதருகே லரீபாவின் கை நீண்டது. மறுவாரம் கல்யாணத் தரகர் வந்தார்.

"வேணாமாம் முதலாளி. வீடு புடிச்சிருக்கு, பொண்ணும் புடிச்சிருக்காம்."

"பிறகு என்ன?"

தரகர் பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"ஜன்னல்தான் காரணம்" என்றேன் நான்.

"ஒங்க மூஞ்சிதாங்க காரணம்" என்றாள் பரிமளம். "கடையில சேலைய மிதிச்சவனப் பாக்கிற மாதிரியே அவங்கள பாத்துக்கிட்டு இருந்தீங்க. அந்தப் பையன் பயந்துட்டான்."

தரகர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. முகம் என்பது பிறப்பில் வருவது. ஜன்னல் மாற்றக்கூடியது.

அலுமினிய வேலை செய்யும் ரமேஸை அழைத்தேன். தள்ளித் திறப்பது, மடித்துத் திறப்பது, பட்டை பட்டையாகத் திறப்பது என்று அவன் பல படங்களைக் காட்டினான். எல்லாமே திறந்தன. எனக்கு வேண்டியது திறக்காத ஜன்னல்.

"அப்ப இந்த ஒருவழிக் கண்ணாடியப் போடுங்க முதலாளி. பகல்ல வெளியில இருந்து பாத்தா அவங்க மூஞ்சிதான் தெரியும். நீங்க உள்ள இருந்து எல்லாத்தையும் பாக்கலாம்."

பகலில் என்று அவன் சொன்னது என் காதில் விழத்தான் செய்தது. நம் வீட்டுக்குப் பெண் பார்க்க இருட்டிலா வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

கண்ணாடி வந்தது. சந்தில் போய் நின்றால் நானே தெரிந்தேன். என் பின்னால் நமுனுகுல மலையும் தெரிந்தது. குறை என்று சொன்னால், ஒரு மைனா அதில் தன்னைப் பார்த்துவிட்டு வேறொரு மைனா என்று எண்ணி நாள் முழுவதும் கொத்திச் சண்டை போட்டது. நான் உள்ளேயிருந்து கையை வீசித் துரத்துவேன். லரீபா தட்டோடு வந்து, தன் முகத்தையே சற்று நேரம் பார்த்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனாள்.

அடுத்த சம்பந்தம் பண்டாரவளையில். பத்மநாதன் என்ற இரும்புக்கடைக்காரரின் மகன் மதுசூதனன். கௌசிகாவுக்கும் அவனுக்கும் ஏற்கெனவே தொலைபேசியில் பேசிப் பிடித்துப்போயிருந்தது. பெரியவர்கள் வந்து பார்ப்பது ஒன்றே பாக்கி.

"அப்பா, இது எனக்கு வேணும்பா" என்றாள் கௌசிகா. அவள் எதையும் அப்படிக் கேட்பவள் அல்ல. "அவங்க வீட்டுலயும் கேள்விப்பட்டிருக்காங்க. நீங்க சிரிக்கவே மாட்டீங்கன்னு. கொஞ்சம் சிரிச்சுப் பழகுங்க."

மகள் கேட்டால் செய்ய வேண்டியதுதான்.

நாலு மணிக்கு வரவேண்டியவர்கள் வரவில்லை. தெமோதரைப் பக்கம் மண்சரிவு, வேன்கள் வரிசையாக நிற்கின்றன என்று செய்தி வந்தது. மழை தூறத் தொடங்கியது. சந்தில் இருள் இறங்கியது. பரிமளமும் கௌசிகாவும் சமையலறையில் வடையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பட்டு வேட்டியும் சால்வையுமாக ஹாலில் தனியே இருந்தேன். விளக்கைப் போட்டேன்.

ஜன்னலில் நான் தெரிந்தேன், ஆளுயரத்துக்கு, மிகத் தெளிவாக. பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

கைகூப்பி, "வாங்க, வாங்க" என்று சிரித்தேன். திருப்தியாக இல்லை. பற்கள் தெரியாமல் ஒரு முறை, தெரிய ஒரு முறை செய்து பார்த்தேன். சால்வையை இடத்தோளுக்கு மாற்றி மறுபடி கைகூப்பினேன். மூக்கில் நீண்டிருந்த ஒரு முடியைக் கவனித்து, அதற்குரியதைச் செய்தேன். பிறகு விருந்தினரை இருக்கையில் அமர்த்தும் கை அசைவு. இடப்பக்கம் நீட்டி, "இப்படி." அது சரியாக வராததால் வலப்பக்கம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் அப்படி."

அப்போது கண்ணாடியில் டொக் டொக் என்று சத்தம். மைனா என்று நினைத்தேன். சிரிப்பு அப்போதுதான் கொஞ்சம் வசப்பட்டிருந்தது. அதைக் கெடுக்க வந்துவிட்டதே என்று எனக்குக் கோபம். "போ, போ இங்கேயிருந்து" என்று கையை வீசி, கண்ணை உருட்டி விரட்டினேன்.

சற்றைக்கெல்லாம் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு லரீபா ஓடிவரும் சத்தம்.

"பரிமளம் அக்கா, அண்ணன் என்ன செய்றாரு? அந்த மனுசங்க எவ்வளவு நேரமா மழையில நிக்கிறாங்க. நான் குடையால தட்டுறேன், என்னையும் போ போங்கிறாரு."

பரிமளம் ஹாலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். விளக்கை அணைத்தாள்.

கண்ணாடியில் இருந்த நான் மறைந்தேன். நான் இருந்த இடத்தில், தெருவிளக்கின் கீழே, ஒரு குடும்பம் குடைகளோடு நின்றுகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் தாமாகக் கேட்டைத் திறந்து வரமாட்டார்கள். பெண்ணின் தகப்பன் வெளியே வந்து கைகூப்பி அழைக்க வேண்டும். பத்மநாதன் குடும்பம் அந்த முறைக்காகத்தான் காத்து நின்றது. வெளிச்சம் உள்ளே, இருட்டு வெளியே என்பதால் கண்ணாடி வேலையை மாற்றிக்கொண்டிருந்தது. எங்கள் கடையில் சேலை கட்டி நிற்கும் பொம்மைக்குக்கூட அவ்வளவு வெளிச்சம் போடுவதில்லை.

குடையைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினேன். அவர்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வேன் மட்டும் நகரவில்லை. அதன் பின்சக்கரம் கானுக்குள் கிடந்தது.

"நீங்கதான கைய காட்டுனீங்க ஐயா" என்றான் சாரதி. "இப்படின்னீங்க, இப்படி எடுத்தேன். இன்னும் அப்படின்னீங்க, எடுத்தேன். எறங்கிருச்சு."

மாப்பிள்ளையின் தாய் கமலாதேவி இருக்கையை விட்டு இறங்கவில்லை. "போகச் சொல்லிட்டாங்க, போவோம்" என்றார் நேரே பார்த்தபடி.

பழகிய சிரிப்பு எதுவும் வரவில்லை. என் பின்னால் கௌசிகா வந்து நிற்பது தெரிந்தது. சால்வையை மடித்து இடுப்பில் கட்டினேன். கானுக்குள் இறங்கி வேனுக்குத் தோள் கொடுத்தேன். மதுசூதனனும் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றான். சாரதி முடுக்கியதும் சக்கரம் சுழன்று, கானில் இருந்த சேறு முழுவதும் எங்கள் இருவர் மேலும் வந்து விழுந்தது. வேன் ஏறிவிட்டது.

போவதற்கு இனித் தடை இல்லை. சேறு வடிய நின்று கைகூப்பினேன்.

"நான் ஒங்கள போகச் சொல்லலைங்க. மைனாவச் சொன்னேன். ஒங்களுக்கு முன்னால சிரிக்கணும்னு பழகிக்கிட்டு இருந்தேன். உள்ள இருந்து பாத்தா நான் மட்டும்தான் தெரிஞ்சேன்."

பத்மநாதன் தொண்டையைக் கனைத்தார்.

"அப்ப நாங்க பாத்தது எல்லாம் ஒத்திகையா?"

"ஆமாங்க."

"நான் ஒவ்வொரு வணக்கத்துக்கும் பதில் வணக்கம் சொல்லிட்டேனே. கை வலிக்குது."

மதுசூதனன் வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தான். வேனுக்குள்ளிருந்தும் ஒரு சத்தம் வந்தது. கமலாதேவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். "மூக்கு முடிய இழுத்தப்பவே எனக்குச் சந்தேகம்" என்றார். பிறகு இறங்கினார். "உள்ள கூப்பிடுங்க. குளிருது."

முறைப்படி அழைத்தேன். முறைப்படி வந்தார்கள். லரீபா கொண்டுவந்திருந்த வட்டிலப்பம் வடைக்கு முன்னதாகத் தீர்ந்தது. புறப்படும்போது தேதி குறிக்கும் பேச்சும் முடிந்துவிட்டது. வாசலில் கமலாதேவி திரும்பி நின்றார்.

"சம்பந்தி, கல்யாணத்துல அந்த ரெண்டாவது சிரிப்பையே சிரிங்க. மொதலாவது வேணாம். புள்ளைங்க பயந்துரும்."

நடந்தது இதுதான். விரட்டவும் இல்லை, வேண்டுமென்று இறக்கவும் இல்லை.

இப்போது எனக்கு இருக்கும் சிக்கல் ஒன்றுதான். அந்த இரண்டாவது சிரிப்பு எது என்று எனக்குத் தெரியாது. பரிமளமும் கௌசிகாவும் சமையலறையில் இருந்ததால் பார்க்கவில்லை. வெளியே நின்று ஆரம்பத்திலிருந்து பார்த்தவர்களில் இந்த ஊரில் இருப்பவள் லரீபா ஒருத்திதான். தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். ஆனால் சிரிப்புப் பார்ப்பதற்கென்று தினமும் படியேறிச் சுற்றி வர முழங்கால் விடாது என்கிறாள்.

பலாமர ஜன்னலைக் கடையின் பின்கட்டில்தான் வைத்திருக்கிறேன். நாளைக்கு வந்து அதையே மறுபடி பொருத்தும்படி ரமேஸிடம் சொல்லியிருக்கிறேன். வளைந்த கம்பியை நிமிர்த்த வேண்டாம் என்றும் சொன்னேன்.