நவோக்கியின் தமிழ்

கேசட்டில் மூச்சு மட்டும்தான் இருந்தது. வேதா டேப் ரெக்கார்டரைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இன்னொரு தரம் ஓடவிட்டாள். செங்கம் ரோட்டில் போகும் பஸ்ஸின் ஹாரன், மாடியில் யாரோ துணி பிழியும் சத்தம், ஒரு காகம். இவற்றுக்கு நடுவே ஒருவன் மூச்சை இழுக்கிறான், பிடித்து வைத்திருக்கிறான், விட்டுவிடுகிறான். மறுபடியும் இழுக்கிறான். ஜப்பானிய மொழியில் ‘நான்’ என்பதற்கு ‘வத்தாஷி’ என்பார்கள். அந்தச் சொல்லின் முதல் எழுத்து உதட்டிலேயே முட்டி முட்டி நின்றது. கடைசிவரை அது வெளியே வரவில்லை. பிறகு பட்டனை அமுக்கிய சத்தம். அவ்வளவுதான். ஆடி மாதம் வந்த பையன், மாசி பிறந்த பிறகு முதல் தடவையாகக் கொடுத்த கேசட் அது.

ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகம், தமிழ் படிக்கும் மாணவர்களில் சிலரை ஒவ்வொரு வருஷமும் திருவண்ணாமலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் இங்கே தங்கிப் பேச்சும் எழுத்தும் கற்றுக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு இங்கே பொறுப்பாளர் வேதா; தங்குவதும் அவள் வீட்டு மாடியில்தான். நியமன உத்தரவில் இயக்குநர் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஊரில் ஜப்பான் டீச்சர். பாடம் நடத்துவது அந்த வேலையில் பாதிகூட இல்லை. ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு என்றால் இளநீருக்கு ஆள் அனுப்ப வேண்டும். வாடகை சைக்கிளில் போய் விழுந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் பதிவுக்காகப் போலீஸ் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடி அண்ணாமலையில் பயிர் வைக்கும் குடும்பத்தில் பிறந்து, மெட்ராஸில் தமிழ் எம்.ஏ. படித்து, கல்வெட்டு பார்க்க வந்த ஒரு ஜப்பானியப் பேராசிரியருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து, அவர் மூலமாக அந்த நாட்டிலேயே மூன்று வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவள் அவள். இந்த ஊரில் இந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது என்பது பல்கலைக்கழகத்துக்கும் தெரியும்.

மாணவர்கள் மாதம் ஒரு கேசட் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த மாதம் என்ன கற்றார்கள் என்று ஜப்பானிய மொழியில் அவர்களே பேசிப் பதிவு செய்ய வேண்டும். மற்ற எல்லோரும் கொடுத்துவிடுவார்கள். நவோக்கி கொடுக்க மாட்டான். வந்த முதல் நாள், வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயர் சொன்னபோது, அவன் முறை வந்ததும் ‘ந’விலேயே நின்றுவிட்டான். மற்ற மாணவர்கள் மரியாதைக்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேதாவும் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு வகுப்பில் அவன் வாயைத் திறந்ததே இல்லை. எழுதச் சொன்னால் பிழையில்லாமல் எழுதுவான். மத்தியான வேளையில் பேச்சுப் பழக்கத்துக்காக ஆளுக்கு ஒரு வீடு என்று அனுப்புவது வழக்கம். அவனைத் தன் பெரியம்மா மகள் சந்திரம்மாளின் நிலத்துக்கு அனுப்பினாள். பேசாவிட்டாலும் ஏதாவது வேலை கொடுத்து உட்கார வைத்துக்கொள்வாள் என்று எண்ணித்தான்.

அந்த மூச்சுக் கேசட்டைக் கேட்ட மறுநாள் தந்தி வந்தது. நவோக்கியின் அப்பா முராசே புறப்பட்டு வருகிறார். ஏப்ரலில் தொடங்கும் பேச்சுத் திருத்தப் பள்ளி ஒன்றில் மகனுக்கு இடம் வாங்கியிருக்கிறார். அவனை அழைத்துப் போவது பற்றிப் பொறுப்பாளரின் கருத்து என்ன என்று பல்கலைக்கழகம் கேட்டிருந்தது. இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வேதா குடையை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனாள்.

சந்திரம்மாளின் கிணற்றடிக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வேரோடு பிடுங்கிய கடலைச் செடிகளைக் குவித்து, புங்க மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்து காய்களை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். குவியலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் கேட்டது. அதிகம் ஏறாத, மிருதுவான, நல்ல குரல். யாரோ உறவுக்காரப் பையன் கதை சொல்கிறான் என்று நினைத்தாள்.

“மொத நாளு வாசப்படி தெரியும். மறுநாளு வாசப்படி இல்ல, கதவும் இல்ல. மாடி ஜன்னலத் தொறந்து, பனி மேலயே வழுக்கிக்கினு ரோட்டுக்குப் போவேன். அப்பறம் பள்ளிக்கூடம்.”

“வூடு மூடுற அளவுக்கா பனி கொட்டும்? பொய் சொல்ற நீ” என்றாள் ஒருத்தி.

“சத்தியமாக்கா. எங்க அம்மா ஊருல அப்படித்தான், சின்ன வயசுல அங்கதான் இருந்தேன். ஒரு தரம் என் ஷூ ஒண்ணு உள்ள போயிடுச்சு. பங்குனி மாசம்தான் கெடச்சுது.”

பெண்கள் சிரித்தார்கள். வேதா குடையை மடக்காமலே மர நிழலில் நின்றாள். சொற்கள் ஒன்றன் பின் ஒன்றாக, வாய்க்காலில் மடை திறந்த தண்ணீர் போல, மேடு பள்ளம் பார்க்காமல் வந்துகொண்டிருந்தன. அவள் பிறந்த ஊரின் பேச்சு, அவளே மெட்ராஸ் கல்லூரியில் வெட்கப்பட்டு விட்டுவிட்ட பேச்சு, அதே இழுப்போடு. எட்டு மாதமாகத் தன் வீட்டு மாடியில் இருந்தவனின் குரலை இப்போதுதான் கேட்கிறாள். இப்படி ஒன்று ஒரு மனிதனுக்குள் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. கோயிலில் திரை விலகும் வரை முன்வரிசையில் நிற்பவர்கள் மூச்சுவிடாமல் நிற்பார்களே, அதுபோல அவளால் அசைய முடியவில்லை. அசைந்தால் அவன் பார்ப்பான், பார்த்தால் நின்றுவிடும் என்று பயந்தாள்.

சந்திரம்மாள்தான் அவளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். வேதா அவளைக் கிணற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

“இவன் இங்க பேசுறானாக்கா?”

“அவனா? வாய மூடுனாதான. ஆய்றவளுங்க கை நின்னு போவுது, கம்மியா பேசுடான்னு நானே சொல்லிக்கினு இருக்கேன்.”

“அவனுக்குத் திக்கும்.”

சந்திரம்மாள் புரியாமல் பார்த்தாள். “யாருக்கு? நாவுக்கரசுக்கா?”

நவோக்கி என்ற பெயர் அந்தப் பெண்களின் வாயில் அப்படித்தான் ஆகியிருந்தது. வேதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும்போது இருவரும் மலை சுற்றும் பாதையில் நடந்தார்கள். இடப்பக்கம் மலை வெயிலில் சிவந்து கிடந்தது. வேதா தந்தி விஷயத்தைச் சொன்னாள். வழக்கமாக அவனிடம் ஜப்பானிய மொழியில்தான் பேசுவாள். இன்று தமிழில் சொன்னாள். அவன் ஒரு மாட்டு வண்டி கடந்து போகும்வரை ஓரமாக நின்றான்.

“டீச்சர், ஜப்பான் வார்த்தைங்களுக்கு என்னைத் தெரியும்” என்றான். “சின்ன வயசுல இருந்து பார்த்துக்கினு இருக்குதுங்க. நான் வாயத் தொறந்தாலே, இவன் விழப்போறான்னு காத்துக்கினு நிக்கும். தமிழ் வார்த்தைங்களுக்கு நான் யாருன்னே தெரியாது.”

வேதா குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். தன் அப்பா பார்த்து வைத்த மாப்பிள்ளை வேண்டாம் என்று அவளால் தமிழில் ஒரு நாளும் சொல்ல முடிந்ததில்லை. பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் ஜப்பானில், பல்கலைக்கழகக் கூட்டத்தில், தன்னைவிடப் பெரியவர்களுக்கு முன்னால் எழுந்து நின்று, இது சரியில்லை, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று அவர்கள் மொழியில் சொல்லியிருக்கிறாள். யாருடைய குரல் இது என்று அன்று அவளுக்கே வியப்பாக இருந்தது. வெளிநாடு போனதால் வந்த தைரியம் என்றே இதுவரை நினைத்திருந்தாள். பக்கத்தில் நடக்கும் பையனை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் செருப்பால் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

முராசே மெட்ராஸிலிருந்து டாக்சியில் வந்து இறங்கினார். ஒசாக்காவில் துணிக்கடை வைத்திருப்பவர். அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டு. இடுப்பு வளைய வணங்கி, வண்ணத்தாள் சுற்றிய இனிப்புப் பெட்டி ஒன்றை இரண்டு கைகளாலும் நீட்டினார். கடுமையான ஆளை எதிர்பார்த்திருந்த வேதாவுக்கு அவரைப் பார்த்ததும் மனம் இளகியது. மகன் மெலிந்துவிட்டானா என்று பார்க்க அவன் மணிக்கட்டைத்தான் முதலில் தொட்டார்.

“இவன் அம்மா போய்ப் பத்து வருடம் ஆகிறது” என்று ஜப்பானிய மொழியில் சொன்னார். “பள்ளியில், கடையில், உறவினர் வீட்டில், எல்லா இடத்திலும் இவனுக்காக நான்தான் பேசி வந்திருக்கிறேன். நான் போன பிறகு யார் பேசுவார்கள்? அதனால்தான் அந்தப் பள்ளி.”

“என் கருத்தை நான் எழுதி அனுப்புகிறேன். அதற்கு முன்னால் அவன் விருப்பம் என்ன என்று அவனே சொல்லட்டும்” என்றாள் வேதா.

நவோக்கி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். மூச்சை இழுத்தான். உதடு குவிந்தது. அந்த முதல் எழுத்து வந்து முட்டியது.

“வருகிறேன் என்கிறான்” என்றார் முராசே. அதில் அதிகாரம் இல்லை. தடுக்கி விழப்போகிறவனை ஓடிப்போய்த் தாங்குகிறவரின் பதற்றம்தான் இருந்தது. நவோக்கி வாயை மூடிக்கொண்டான். வேதா அவனைப் பார்த்தாள். பிறகு முராசேயிடம், உங்கள் மகன் தினமும் போகும் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம், டாக்சியிலேயே போகலாம் என்றாள்.

கொல்லையில் ஆய்வது இன்னும் முடியவில்லை. சந்திரம்மாள் புங்க மரத்தடியில் கோணியை உதறி விரித்து, அவித்த மல்லாட்டையை முறத்தில் போட்டு முராசே முன்னால் வைத்தாள். அவர் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு காயை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“அக்கா, எங்க அப்பாவுக்குத் தரையில உக்காந்து பழக்கம்தான், ஒண்ணும் நெனச்சுக்காத” என்றான் நவோக்கி. “பல்லு மட்டும் கொஞ்சம் வீக்கு. நல்லா வெந்ததாப் பார்த்துக் குடு.”

முராசேயின் கை நின்றது. அவர் நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

நவோக்கி வேதாவிடம் திரும்பினான். “டீச்சர், நான் தமிழ்ல சொல்றேன். நீங்க அப்பாகிட்ட சொல்லுங்க. எதையும் வுட்டுடாதீங்க.”

அவன் அப்பாவுக்கு எதிரே, மண்ணில் உட்கார்ந்தான். அந்தப் பள்ளிக்கூடம் தனக்கு வேண்டாம் என்றான். ஆடி வரைக்கும் இருந்து படிப்பை முடித்துவிட்டு வருகிறேன், வந்த பிறகு கடையைப் பற்றிப் பேசலாம் என்றான். இங்கே கிணற்றில் நீந்தக் கற்றுக்கொண்டதை, சந்திரம்மாளின் ஆட்டுக்குட்டி தன் பின்னாலேயே ரோடு வரை வருவதை எல்லாம் சொன்னான். வேதா ஒவ்வொன்றாக ஜப்பானிய மொழியில் சொல்லிக்கொண்டே வந்தாள். முராசே அவள் பக்கம் திரும்பவே இல்லை. மகன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது அவன் குரலா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆமாம்.”

“வாக்கியம் முடிகிற இடத்தில் கொஞ்சம் மேலே ஏறுகிறது. இவன் அம்மா இப்படித்தான் பேசுவாள்.” அவருக்கு ஒரு சொல்கூடப் புரியாத அந்தப் பேச்சை, தாகத்தோடு வந்தவன் தண்ணீரை அண்ணாந்து குடிப்பதுபோல வாங்கிக்கொண்டிருந்தார். வேதாவுக்கு மொழிபெயர்க்கவே கூச்சமாக இருந்தது. தன் குரல் குறுக்கே வருகிறது என்று தோன்றியது.

“அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்போ, கடைசி நாளு” என்றான் நவோக்கி. அவன் குரல் தணிந்தது. “என்னைக் கிட்ட கூப்ட்டு, ஏதாவது சொல்லணுமாடான்னு அம்மா கேட்டாங்க. நான் சொல்ல ஆரம்பிச்சேன். ஒரு எழுத்துல நின்னுட்டேன். நீங்க என் தோள்ல கை வெச்சு, ‘கவலப்படாதீங்க, நான் நல்லா இருப்பேன்னு சொல்றான்’னு சொல்லிட்டீங்க. அம்மா சிரிச்சாங்க. கண்ண மூடிக்கினாங்க.”

வேதா அதைச் சொல்லி முடித்தபோது முராசேயின் முகத்தில் ரத்தம் இல்லை.

“நான் சொல்ல வந்தது அது இல்லப்பா.”

அதையும் சொன்னாள். செடியை உதறிக்கொண்டிருந்த பெண்கள் என்ன ஏது என்று தெரியாமலே கையை நிறுத்திவிட்டார்கள்.

“நான் சொல்ல வந்தது, அம்மா, போ...”

நின்றது. அந்த நிலத்தில், அந்த மொழியில், முதல் தடவையாக நின்றது. நவோக்கியின் கண்கள் விரிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சை இழுத்தான். “போ...” என்றான் மறுபடியும். “போ... போ...”

சந்திரம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் சொல்ல வந்தது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்துவிட்டது. அவள் வாயைத் திறந்தாள். வேதா சட்டென்று அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

முராசேயின் வாயும் திறந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் தானாகத் திறந்தது. ஆனால் அதில் போட அவரிடம் சொல் இல்லை. திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டார். மடியிலிருந்த கோட்டு மண்ணில் சரிந்ததை அவர் கவனிக்கவில்லை. கோணியை விட்டு முன்னால் நகர்ந்து, மகனுக்கு எதிரே மண்டியிட்டு, ஈரக் கைகள் இரண்டையும் தொடைமேல் ஊன்றிக்கொண்டு, அவன் உதடுகளையே பார்த்தபடி காத்திருந்தார்.