நம்ம ஊர்ப் பேச்சு

கணவர் காலமானதும் ராஜி கோயமுத்தூர் வீட்டைப் பூட்டிவிட்டு, புனேயில் மகர்பட்டாவில் இருக்கும் மகன் முகுந்திடம் வந்துவிட்டாள். அவன் அலுவலகம் போனால் திரும்ப இருட்டிவிடும். பகல் முழுக்க அவளோடு தமிழில் பேச ஆளில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கைப்பேசி அடித்தது.

"பேங்க்ல இருந்து பேசறனுங்கம்மா. ஆதாரைச் சேர்க்கலைன்னா உங்க கணக்கு இன்னிக்கே முடங்கிடுமுங்க."

அச்சு அசல் கோயமுத்தூர்ப் பேச்சு. ராஜிக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொள்ளாச்சிக்காரனாம். சாப்பிட்டீங்களா என்றுகூட விசாரித்தான். பேச்சுவாக்கில், கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டான், சொல்லிவிட்டாள். கணவர் விட்டுப்போன சேமிப்பு அத்தனையும் போய்விட்டது.

முகுந்த் ஓடிவந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் வங்கிக்கும் புகார் சொன்னான். அதற்குள் பணம் எங்கெங்கோ கைமாறியிருந்தது.

"ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா!"

"சொன்னே கண்ணு. ஆனா இங்க வந்ததுல இருந்து, சாப்டீங்களான்னு என்னையக் கேட்டது அவன் ஒருத்தன்தான்."

மறுநாளே முகுந்த் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு கோயமுத்தூர்க் குடும்பத்தைத் தேடிப்பிடித்து, அந்த வீட்டு அம்மாளிடம் ராஜியின் எண்ணைக் கொடுத்தான். அம்மாவிடம் சொல்லத்தான் மறந்துவிட்டான்.

மாலையில் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ராஜிங்களா? நமக்கும் கோயமுத்தூர்தானுங்க..."

ராஜி பதறிப்போய் அழைப்பைத் துண்டித்தாள். அந்த எண் இனி வராதபடி தடுத்தும் வைத்தாள். பிறகு சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.